தறிச் சத்தம் தப்பாத வெட்டு

வீட்டுக் கணினியில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால், வழக்கமாக இரண்டு பதில்கள்தாம் வருகின்றன. "முதலில் நல்ல கம்ப்யூட்டர் வாங்குங்கள்" என்பது ஒன்று. ஏதாவது ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லி, அதற்கான பயிற்சி வீடியோவை அனுப்பிவைப்பது இன்னொன்று. அந்தப் பயிற்சிகளைத் திறந்து பார்த்தால், எழுத்துகள் சுழன்று வருவதும், ஒரு காட்சி கரைந்து அடுத்தது எழுவதும், வானத்தின் நிறத்தை மாற்றுவதுமே பெரும்பாலும் முதல் பாடங்களாக இருக்கின்றன. கேட்டவர் எதைத் தொகுக்கப் போகிறார், அவரிடம் உள்ள கோப்புகள் எப்படிப்பட்டவை, முடித்ததை யார் பார்க்கப் போகிறார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. இது எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருந்துவந்தது. காஞ்சிபுரத்தில் என் பெரியப்பாவுடன் உட்கார்ந்து ஒரு வீடியோவைத் தொகுத்து முடித்த பிறகுதான், அந்த உறுத்தலுக்கு என்ன காரணம் என்பதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைத்தது.

பெரியப்பா பட்டு நெசவாளர். முழங்கால் ஒத்துழைக்காததால் குழித்தறியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். இப்போது அவருடைய மகன் நெய்கிறார். சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும்படி நெய்யும் கோர்வை வேலைதான் அந்த வீட்டின் பெருமை. அதற்கு, ஊடை என்னும் குறுக்கு இழையைச் சுமந்து ஓடும் நாடாக்கள் மூன்று வேண்டும். இரண்டு கரைகளுக்கும் தனித்தனியே ஒன்று, நடுவில் உடலுக்கு ஒன்று. உடலின் ஊடை இழை ஒவ்வொரு வரிசையிலும் கரையின் இழையோடு கொக்கிபோல் பிணைந்து திரும்ப வேண்டும். ஒருவரால் தனியாகச் செய்ய முடியாத வேலை இது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். வெளியூரில் படிக்கும் பேத்தி இதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டதனால், பெரியப்பா தம் கைபேசியை ஒரு தாங்கியில் பொருத்தி, கைகளை ஒரு முறையும், மிதிக்கும் கால்களை ஒரு முறையும், பக்கவாட்டிலிருந்து முழுத் தறியையும் ஒரு முறையுமாகப் பல நாட்கள் படம் பிடித்திருந்தார். வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது: ஐ3 பிராசஸர், 8 ஜிபி நினைவகம், சுழலும் ஹார்டு டிஸ்க். அதில் வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது படம் விட்டு விட்டு நகர்ந்தது. கடையில் விசாரித்தபோது, இந்தப் பெட்டி எடிட்டிங்குக்கு ஆகாது, கிராஃபிக்ஸ் கார்டுடன் புதிதாக வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இல்லையென்றால், கல்யாண வீடியோ தொகுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்துவிடலாம் என்பது வீட்டில் மற்றவர்களின் யோசனை.

ஸ்டூடியோவில் கொடுக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அங்கே வேலை தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அன்று. தறியைத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக.

எதில் தொடங்குவது

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். என் வயதுக்காரர்கள் பலரும் விண்டோஸ் மூவி மேக்கரில்தான் முதல் வெட்டை வெட்டினோம். 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் மி பதிப்போடு வந்து, விஸ்டா பதிப்புவரை அது கோடிக்கணக்கான வீடுகளில் கேட்காமலேயே இருந்தது. 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. அதன் இடத்தில் இப்போது விண்டோஸ் 11இல் கிளிப்சேம்ப் வருகிறது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு திரைப்படத் துறையில் உள்ளவர்களே பயன்படுத்தும் அளவுக்கு வலுவானது. ஆனால் அது கிராஃபிக்ஸ் கார்டை நம்பி இயங்குவது, பெரியப்பாவின் பெட்டிக்கு அது பொருந்தாது. நாங்கள் கேடென்லைவை எடுத்துக்கொண்டோம். 2002இல் தொடங்கப்பட்ட திறமூல மென்பொருள், அதாவது நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் இலவச மென்பொருள் அது. லினக்ஸுக்காக எழுதப்பட்டு, பிற்பாடு விண்டோஸுக்கும் வந்தது. கணக்குத் தொடங்கச் சொல்லாது, வீடியோவின் மூலையில் தன் பெயரைப் பொறிக்காது, இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்யும். ஷாட்கட் என்று இன்னொன்று உண்டு. இரண்டுக்கும் அடியில் ஓடுவது எம்எல்டி என்ற ஒரே எந்திரம்தான். இதில் தொடங்கினாலும் அதில் தொடங்கினாலும் கற்பது பெரும்பாலும் ஒன்றே. ஆகவே மென்பொருள் எது என்ற கேள்வியில் ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் யாரும் செலவழிக்கத் தேவையில்லை.

படம் விட்டு விட்டு நகர்ந்தது என்றேன் அல்லவா? முதலில் கவனிக்க வேண்டியது அதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களில் மிகப் பலர் அந்த இடத்திலேயே மனம் தளர்ந்து எழுந்துபோய்விடுகிறார்கள் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கைபேசியில் நாம் எடுக்கும் முழு எச்டி படத்தில், ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப் படத்திலும் (ஃபிரேம்), குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் இருக்கின்றன. பெருக்கினால் இருபது லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் மூன்று பைட் என்று வைத்தால் ஒரு சட்டகத்துக்கு 62 லட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 30 சட்டகம், நிமிடத்துக்கு 1,800 சட்டகம் என்று கணக்குப் போட்டால், சுருக்காமல் வைத்தால் ஒரு நிமிடப் படத்துக்கு 11 ஜிபி வேண்டும். ஆனால் கைபேசியில் அந்த ஒரு நிமிடம் 100 எம்பியைச் சுற்றித்தான் இருக்கிறது. நூறில் ஒரு பங்காக அது சுருங்குவது எப்படி? எல்லாச் சட்டகங்களையும் கைபேசி முழுதாக எழுதுவதில்லை. ஒன்றை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வரும் பலவற்றில், முன்னும் பின்னும் உள்ள சட்டகங்களிலிருந்து எது மாறியது, எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற குறிப்பை மட்டும் எழுதுகிறது. 2003இல் வந்த எச்.264 என்ற சுருக்குமுறை இந்த வகைதான். 2013இல் வந்த எச்.265, அதாவது எச்இவிசி, இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்து, கோப்பை இன்னும் சிறிதாக்கும். அதை விரிப்பதற்கு அதற்கேற்ப உழைப்பும் கூடும். பழைய பிராசஸர்கள் பலவற்றில் அதை விரிப்பதற்கென்று தனி மின்சுற்று கிடையாது.

ஒரு வீடியோவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடவிட்டுப் பார்க்கிறவருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. எடிட் செய்கிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. அவர் நடுவில் தாவுகிறார், பின்னோக்கி நகர்கிறார், ஒரு சட்டகம் முன்னே ஒரு சட்டகம் பின்னே என்று அலைகிறார். அவர் கேட்கும் சட்டகம் வெறும் குறிப்பாக மட்டுமே இருந்தால், கணினி அதற்கு முந்தைய முழுச் சட்டகம்வரை பின்னே சென்று, அங்கிருந்து ஒவ்வொரு குறிப்பாக விரித்துக்கொண்டு வந்துதான் அதைக் காட்ட முடியும். பெரியப்பாவின் கணினி திணறியது இதில்தான். பெட்டி பழையது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியிடம் கேட்கப்பட்ட வேலை, பார்ப்பதற்கென்று சுருக்கிய கோப்பை வெட்டுவதற்குப் பயன்படுத்துகிற வேலை.

இதற்கு மருந்து ப்ராக்ஸி. கேடென்லைவில் திட்ட அமைப்புக்குள் சென்று ப்ராக்ஸியை இயக்கிவிட்டால், ஒவ்வொரு மூலக் கோப்புக்கும், வெட்டுவதற்கு எளிதான சிறிய நகல் ஒன்றை அதுவே தயாரித்துக்கொள்கிறது. நாங்கள் அகலம் 640 புள்ளியாக வைத்தோம். வெட்டும்போது திரையில் ஓடுவது நகல். கடைசியில் முழு வீடியோவாக வெளியே எடுக்கும்போது மென்பொருள் மூலக் கோப்பிலிருந்தே எடுக்கிறது. ஆகையால் தரம் குறைவதில்லை. நகல்கள் தயாராக நேரம் பிடிக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஓடவிட்டோம், மாலைக் காப்பி நேரத்தில் முடிந்தது. அதன் பிறகு பெரியப்பா சுட்டியைப் பிடித்து, காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் இப்படியும் அப்படியும் இழுத்தார். நாடா அவர் கைக்கு ஏற்றபடி வலமும் இடமும் ஓடியது. "இதே டப்பாதானா?" என்று கேட்டார். அதே டப்பாதான். ஒரு ரூபாய் செலவில்லை.

கைபேசிப் படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப, நொடிக்கு இத்தனை சட்டகம் என்ற கணக்கைக் கைபேசி தன் விருப்பப்படி கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. எடிட்டிங் மென்பொருளோ எல்லா நொடியும் ஒரே கணக்கில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. நீளமான கிளிப்பில் போகப் போக உதடும் பேச்சும் ஒட்டாமல் விலகுவதற்குப் பல நேரம் இதுவே காரணம். இப்போதைய கேடென்லைவ் இத்தகைய கோப்பை உள்ளே கொண்டுவரும்போதே எச்சரித்து, சீரான வேகத்துக்கு மாற்றித் தரவா என்று கேட்கிறது. சரி என்று சொல்லிவிடுவது நல்லது. தறிபோன்ற ஒரு பொருளுக்கு இது கட்டாயம்.

"வெட்டிட்டா போயிடுமாடா?"

முதல் வெட்டை வெட்டச் சொன்னபோது பெரியப்பாவின் கை சுட்டியில் அப்படியே நின்றுவிட்டது. "வெட்டிட்டா போயிடுமாடா?" என்று கேட்டார். பாவில், அதாவது தறியில் நெடுக்காக நீட்டிய இழைகளில், ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டு, அறுந்த முனைகளைத் தேடி முடிச்சிட்டுத்தான் மேலே நெய்ய முடியும் என்ற வாழ்க்கையிலிருந்து வந்த கேள்வி அது. எந்தப் பயிற்சி வீடியோவும் அந்தக் கேள்விக்கு முதல் நிமிடத்தில் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் வயதில் மூத்தவர்கள் எல்லாரிடமும் வாயைத் திறந்தோ திறக்காமலோ முதலில் இருப்பது இந்தப் பயம்தான்.

"இல்ல பெரியப்பா. நீங்க எடுத்த படத்த இது தொடவே தொடாது. எங்கேருந்து எதுவரைக்கும் காட்டணும்னு எழுதி மட்டும் வச்சுக்கும்" என்றேன். நம்பவில்லை. எங்கள் வெட்டுகள் பதிவாகும் திட்டக் கோப்பைக் கண்ட்ரோல் எஸ் அடித்துச் சேமித்து மூடிவிட்டு, அதை ஒரு நோட்பேடில் திறந்து காட்டினேன். கேடென்லைவின் திட்டக் கோப்பு படிக்கக்கூடிய எழுத்துகளால் ஆனது. அதில் இருப்பவை கோப்புகளின் பெயர்கள், அவை இருக்கும் இடங்கள், தொடக்க எண்கள், முடிவு எண்கள். ஒரு படத்துணுக்குகூட அதற்குள் இல்லை. இவ்வளவு படமும் இருக்கும் வேலைக்கு, திட்டக் கோப்பு சில நூறு கேபி அளவுக்குள் அடங்கியிருந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதில் தம் கோப்பின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு தயங்காமல் ஷிப்ட் ஆர் அடித்து வெட்டினார், கண்ட்ரோல் இசட் அடித்து ஒட்டினார், மறுபடி வெட்டினார். அன்று மாலை முழுவதும் அவரிடம் நான் வேறு எந்தப் பொத்தானையும் காட்டவில்லை.

இதிலிருந்தே இன்னொரு ஒழுங்கும் தானாகக் கிடைத்துவிடுகிறது. திட்டக் கோப்பு மூலத்தின் இருப்பிடத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறது என்றால், மூலத்தை வேறு இடத்துக்கு நகர்த்தக் கூடாது, கோப்புறையின் பெயரை நடுவில் மாற்றக் கூடாது, இன்னொரு கணினிக்குக் கொண்டுபோவதானால் திட்டக் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. விதிகளாகச் சொன்னால் மறந்துபோகும் இவற்றை, காரணத்தோடு அறிந்தவர் மறப்பதில்லை. பெரியப்பா ஒரே கோப்புறைக்குள் மூலம், ஒலி, முடிந்தது என்று மூன்று அறைகள் போட்டுக்கொண்டார். மூலத்தை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் படியெடுத்து வைத்தார்.

தறி தப்புகிற இடம்

இரண்டாம் நாள் நடந்ததைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கையின் காட்சி, காலின் காட்சி, பக்கவாட்டுக் காட்சி மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நீளத்துக்கு ஒரு பகுதியைத் தயார் செய்தோம். கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. கை நாடாவை விடுகிறது, கால் மிதிக்கிறது, பலகை வந்து ஊடையை அடிக்கிறது. ஒரு தொழிலைக் காட்டும் வீடியோ எப்படி இருக்க வேண்டும் என்று நாம் பார்த்துப் பழகியிருக்கிறோமோ அப்படியே இருந்தது. பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா கூப்பிட்டார் என்று முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். திரையைப் பார்க்காமல் இருந்த அந்த நேரத்தில்தான் சொன்னார்: "தறி தப்புதுடா."

எங்கே என்றேன். திரும்பி ஓடவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே வந்தார். "இங்க. இங்க. இந்தா, இங்கயும்." ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன இடம் வெட்டு விழுந்த இடமாகவே இருந்தது. மிதியின் தடக், நாடா ஓடும் சரசரப்பு, பலகையின் அடி என்ற வரிசை அவர் உடம்பில் ஊறிய ஒன்று; அடிக்கும் அடிக்கும் இடையில் இருக்க வேண்டிய காலம் அவருக்குத் தெரியும். கையின் காட்சியிலிருந்து காலின் காட்சிக்கு நாங்கள் தாவிய இடத்தில், இரண்டு அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி விழுந்தன. வேறொரு வெட்டில் ஓர் அடியே காணாமல்போய் வெறுமை இருந்தது. டைம்லைனில் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அது அப்பட்டமாகத் தெரிந்தது. சீரான இடைவெளியில் நிற்கும் கூர்முனைகள், வெட்டுக் கோட்டுக்கு அருகே மட்டும் குலைந்திருந்தன. எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் எந்தக் குறையும் கேட்டிருக்கவில்லை. ஸ்டூடியோவில் யாருக்கும் கேட்டிருக்காது. அங்கே இதன்மேல் ஒரு வீணை இசையைப் போட்டிருப்பார்கள், தறிச் சத்தமே மறைந்திருக்கும்.

அந்த மாலை முழுவதும் நாங்கள் படத்தைவிட்டு ஒலிக்கு வந்தோம். பெரியப்பா எடுத்தவற்றுள் பக்கவாட்டுக் காட்சி ஒன்றில் தறி நிற்காமல் நெடுநேரம் ஓடியிருந்தது. அதன் ஒலியைப் படத்திலிருந்து பிரித்து, கீழே ஒரு தடத்தில் முழு நீளத்துக்கு விரித்து, கை தவறிப் பட்டுவிடாதபடி பூட்டுக் குறியை அழுத்தி வைத்தோம். அதுதான் தரை. மற்றக் காட்சிகளின் ஒலியை அடக்கிவிட்டு, படத்தை மட்டும் மேல் தடத்தில் வைத்தோம். ஒவ்வொரு காட்சியிலும் பலகை வந்து துணியைத் தொடும் சட்டகம் ஒன்று உண்டு. அந்தச் சட்டகத்தை அம்புக்குறி விசையால் ஒவ்வொன்றாக நகர்த்திக் கண்டுபிடித்து, கீழே உள்ள ஒலியின் கூர்முனைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நொடிக்கு 30 சட்டகம் என்றால் ஒரு சட்டகம் என்பது 33 மில்லி நொடி. நானாக இருந்தால் ஒன்றிரண்டு சட்டகம் முன்பின்னாக இருப்பதை விட்டுவிடுவேன். அவர் விடவில்லை. வெவ்வேறு நாளில் எடுத்த காட்சிகள் என்பதால் நெய்யும் வேகம் சற்று வேறுபட்டிருந்தது. மூன்று, நான்கு அடிகள் சென்றதும் படம் ஒலியைவிட்டு விலகத் தொடங்கும். விலகும் அடிக்கு முன்னால் அடுத்த காட்சிக்கு மாறிவிட வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். எந்தக் காட்சி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை இப்படி ஒலியே தீர்மானித்துவிட்டது. ஒரு காட்சியை மூன்று நொடிக்கு மேல் நிறுத்தாதீர்கள் என்று பயிற்சிகளில் வரும் அறிவுரைக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது.

பேச்சுள்ள வீடியோவுக்கும் இதே முறைதான். பேசுகிறவரின் குரலை முதலில் தனியே கேட்டு, தேவையற்றதை எடுத்து, மூச்சுவிடும் இடைவெளிகள் இயல்பாக இருக்கும்படி அடுக்கிவிட்டால், படத்தை அதன்மேல் போர்த்துவது எளிது. குரல் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே படம் மாறலாம். அடுத்தவரின் குரல் வந்த பிறகு அவர் முகம் வரலாம். வெட்டும் இடங்களில் ஒலி இரண்டு மூன்று சட்டக நீளத்துக்கு மெல்ல அடங்கி மெல்ல எழும்படி செய்தால் டிக் என்ற சத்தம் எழாது. புதிதாகத் தொடங்குகிறவரிடம் செலவழிக்கச் சிறிது பணம் இருந்தால், கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன்னால் காதை மூடி நிற்கும் நல்ல ஹெட்போன் ஒன்றையும், பழைய ஹார்டு டிஸ்கின் இடத்தில், சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான ஓர் எஸ்எஸ்டியையும் வாங்கச் சொல்வேன்.

வெட்டக் கூடாத இடம்

கோர்வைக்கு வந்தபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. கரை நாடாவைப் பக்கத்தில் இருப்பவர் தள்ளுவது, அதன் இழை உடலின் இழையைப் பிடித்துக்கொள்வது, பிறகு உடல் நாடா திரும்புவது என்ற அந்த ஒரு வரிசை, நெருக்கத்தில் எடுத்த காட்சியில் நீளமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு கணம் பக்கவாட்டுக் காட்சிக்குப் போய்வரலாம், பார்ப்பவர்களுக்குச் சலிக்காது என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நடுவுல வெட்டினா, அந்த எழ எப்படிப் புடிச்சுதுன்னு பாக்கறவனுக்குத் தெரியாது. பழகுற புள்ள ஏமாந்துபோவும்" என்றார். அவர் சொல்வது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. வெட்டு என்பது காலத்தை மறைப்பது. கை ஒன்றைத் தொடங்குவதையும் இன்னொரு கோணத்தில் அதை முடிப்பதையும் காட்டினால், நடுவில் நடந்ததைப் பார்ப்பவரின் மனம் தானே நிரப்பிக்கொள்ளும். கதைப் படத்துக்கு அது பலம். ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்கும் படத்தில், கற்பவர் பார்க்க வேண்டியதே அந்த நடுவில் இருப்பதுதான். எதை மறைக்கலாம், எதை மறைக்கவே கூடாது என்பதை அந்தத் தொழிலைச் செய்தவர் மட்டுமே சொல்ல முடியும். மென்பொருளைப் பல ஆண்டுகளாகக் கையாளும் எனக்கு அந்தத் தகுதி இல்லை.

அந்தக் காட்சி வெட்டில்லாமல் முழுதாக நின்றது. அதன் வேகத்தைக்கூட அவர் குறைக்க விடவில்லை. அதற்குப் பதிலாக, முழு வேகத்தில் ஒரு முறை காட்டிவிட்டு, அதே காட்சியை மறுபடியும் பாதி வேகத்தில், ஒலி இல்லாமல், தம் குரலில் விளக்கத்தோடு வைத்தார். மெதுவாக ஓடும்போது தறிச் சத்தம் பொய்யாகிவிடும் என்பதால் ஒலி வேண்டாம் என்றார்.

இதனால்தான், வீட்டுக் கணினியில் எடிட்டிங் என்பதை நான் ஒரு பொழுதுபோக்கு விஷயமாகப் பார்க்க முடியாமல் இருக்கிறேன். ஊறுகாய் போடத் தெரிந்தவர், தவில் வாசிக்கத் தெரிந்தவர், நாட்டு மாட்டுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் என்று நம் வீடுகளில் இருப்பவர்களை இப்போது எல்லாரும் கைபேசியில் படம் பிடிக்கிறோம். படம் பிடிப்பதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடுகிறது. வெட்டுவது நாம், அல்லது காசுக்கு வெட்டுகிற இன்னொருவர். அந்த இடத்தில்தான் அறிவு நழுவுகிறது. புதிய கணினி வேண்டும் என்று சொல்லி அவர்களை மேசைக்கு வரவிடாமல் செய்யும் ஒவ்வொரு பேச்சும் அந்த நழுவலுக்குத் துணைபோகிறது என்று நான் நினைக்கிறேன். பெரியப்பாவுக்குத் தேவைப்பட்டவை, கோப்பு எப்படிப்பட்டது என்ற விளக்கமும், வெட்டினால் எதுவும் அழியாது என்ற உறுதியும், சில விசைகளும்தான். மற்றது எல்லாம் அவரிடமே இருந்தது.

சில்லறை விஷயங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். தறி அறையின் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த சில காட்சிகளில், கருப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடின. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. நொடிக்கு 30 சட்டகம் என்ற கணக்கோடு அது ஒத்துப்போகாது. இதை எடிட்டிங்கில் சரிசெய்வது கடினம். எடுக்கும்போதே 25 சட்டகத்துக்கு மாற்றுவதோ, ஷட்டர் வேகத்தை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு நொடியாக வைப்பதோதான் வழி. அந்தக் காட்சிகளைச் சன்னல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்தோம்.

இரண்டாவது, வெளியே எடுப்பது. முழு எச்டிக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்பது யூடியூப் பரிந்துரைக்கும் அளவு. வீட்டுத் தேவைக்கு அதற்கு மேல் வேண்டாம். 8 மெகாபிட் என்றால் ஒரு மெகாபைட், ஆகவே நிமிடத்துக்கு 60 எம்பி. பதினொரு நிமிட வீடியோ 660 எம்பி அளவில் வந்தது. அதை வாட்சாப்பில் வீடியோவாக அனுப்பினால் பட்டு இழைகள் மாவாகக் குழைந்துவிடும் அளவுக்குச் சுருக்கிவிடும். டாகுமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். பேத்திக்கு அப்படித்தான் போயிற்று. சரிகை இழைகூடத் தனியாகத் தெரிகிறது என்று அவள் எழுதியிருந்தாள். வீடியோ நீளம் என்று உறவினர் சிலர் சொன்னதைப் பெரியப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் குறைக்கச் சொல்லவில்லை.

அடுத்து, தெருவில் பாவு இழைகளை நீட்டிக் கஞ்சி போடுவதை எடுக்க வேண்டும் என்கிறார். விடிவதற்கு முன் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிகிற வேலை என்பதால், வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கைபேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்காமல் பூட்டி வைக்க வேண்டும். திறந்த வெளியில் காற்று மைக்கில் மோதும் என்பதால் ஒலியைத் தனியாக, இன்னொரு கைபேசியை யாராவது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டையும் எப்படி ஒட்டவைப்பது என்று கேட்டார். தொடங்கும்போது கேமராவுக்கு முன்னால் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள், அந்தக் கூர்முனையை வைத்துச் சேர்த்துவிடலாம் என்றேன். "அது நான் பாத்துக்கறேன்" என்றார்.